மாத்திரையை நிறுத்தாதே

அன்பு மகள் கவிதாவுக்கு,

நேற்று கைப்பேசியில் வாய் கோணிய உன் முகத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் நெஞ்சு பதறியது. ஆனால் புருவத்தை உயர்த்தச் சொன்னேன் அல்லவா, அப்போது வலப்பக்க நெற்றியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூளையில் அடைப்பு வந்து வாய் கோணினால் பெரும்பாலும் நெற்றி அசையும். உனக்குக் காதருகே எலும்புக்குள் வரும் ஏழாம் நரம்பு வீங்கி நெரிபட்டிருக்கிறது. டாக்டர் சொன்ன பெல்ஸ் பால்சி இதுதான்.

ஸ்டீராய்டு தின்றால் முகம் ஊதிவிடும் என்று யாரோ சொன்னார்களாம், நிறுத்தலாமா என்று கேட்டாய். நிறுத்தாதே, அம்மா. மாதக்கணக்கில் தின்பவர்களுக்கு வருவது வேறு, உனக்கு எழுதிக் கொடுத்திருப்பது பத்து நாள் மருந்து. பிரெட்னிசோலோன் என்ற இந்த ஸ்டீராய்டை முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நீ மறுநாளே தொடங்கிவிட்டாய். ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. இந்த மாத்திரை எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் 94 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினார்கள், எடுக்காதவர்களில் 82. காலையில் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள், இரவில் தூக்கம் கெடாது.

தோட்டத்தில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்த காலத்தில், வாய் கோணினால் காற்று அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்தே நாளைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய் திரும்பிய பின்னும் சிலருக்குச் சிரித்தால் கண் தானாகச் சுருங்கும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கண்ணைத்தான் நீ அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டும். இமை மூடாது, மூட முயன்றால் கருவிழி மேலேறி வெள்ளை மட்டும் தெரியும். காய்ந்தால் கருவிழியில் புண் வரும். பகலில் சொட்டு மருந்தை அடிக்கடி விடு. இரவில் களிம்பு பூசி, மேல் இமையை விரலால் முழுக்க இறக்கிப் பிடித்துக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டு. இமை திறந்திருக்கும்போது ஒட்டினால் பிளாஸ்திரியே விழியை உராயும். மோட்டார் சைக்கிளில் போகாதே. கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டு. காதுக்குள் கொப்புளம் தெரிந்தாலும் அப்படியே. அதற்கு வேறு மருந்தும் வேண்டும்.

பக்கத்து வீட்டில் சொன்ன, முகத்தில் கரண்ட் வைக்கும் சிகிச்சை வேண்டாம்.

அம்மா முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை ஈப்போ அமான்ஜெயாவில் அவளை ஜொகூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். களிம்பு தீர்ந்திருந்தால் வெள்ளிக்குள் சொல், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்