லோகோவுக்குள் ஒளிந்திருந்த வரி

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே பெரியவள் பிளஸ் டூ. வீட்டில் டிவி சத்தமே இல்லை.

உன் அச்சகத்தின் புது இணையதளத்தில் வாடிக்கையாளர்களே லோகோவை எஸ்விஜி (SVG) என்ற படக்கோப்பாக ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். ஏற்றட்டும். ஆனால் ஜேபெக் மாதிரி நினைத்துக் கதவைத் திறந்துவிடாதே.

ஒரு எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்து பார். முழுக்க எழுத்துதான்: எங்கே தொடங்குவது, எங்கே வளைவது, என்ன நிறம் பூசுவது என்று. அதனால்தான் ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறுவதில்லை. அந்த எழுத்துக்கு நடுவே ஜாவாஸ்கிரிப்டும், அதாவது பிரவுசர் ஓட்டும் நிரலும் (ஸ்கிரிப்ட்), எழுதலாம். 2001-இல் எஸ்விஜி இணையத் தரநிலையாக வந்தபோதே அதற்கு இடம் இருந்தது.

போன வருஷம் நான் பார்த்துக்கொண்ட ஒரு கடையின் தளத்தில் யாரோ லோகோ ஏற்றியிருந்தார்கள். நீல வட்டம், நடுவில் ஒரு இலை. பட்டியலில் சின்னதாகத் தெரிந்தவரை ஒன்றும் ஆகவில்லை. பெரிதாகப் பார்க்கலாமென்று தனி டேபில் திறந்தேன். நான் அட்மினாக லாகின் செய்திருந்தேன். என் அதிகாரத்திலேயே அந்த ஸ்கிரிப்ட் ஓடி, இன்னொரு அட்மின் கணக்கை உருவாக்கிவிட்டது. மறுநாள்தான் கவனித்தேன். கோப்பைப் பிரித்தால், முதல் வரியிலேயே 'ஆன்லோட்' (திறந்ததும் இதை ஓட்டு என்று பொருள்), அதையொட்டி நீளமாக ஒரு கட்டளை. கை நடுங்கியது, மாப்ளே.

பக்கத்தில் படம் வைக்கும் இமேஜ் டேக் வழியாகக் காட்டும்போது பிரவுசர் எஸ்விஜி-யின் ஸ்கிரிப்டை ஓடவிடாது. நேரடி முகவரியில் திறந்தாலோ, ஐஃபிரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் காட்டும் சட்டம்) வைத்தாலோ, பக்கத்தின் எச்டிஎம்எல்-க்குள்ளேயே ஒட்டினாலோ ஓடும்.

நீயே வரைந்ததை எப்படி வேண்டுமானாலும் வை. அடுத்தவர் தரும் கோப்பை ஏற்றும்போதே சர்வரில் சலித்துவிடு. அதற்கு டாம்ப்யூரிஃபை (DOMPurify) என்ற நிரல் நூலகம் நன்றாக வேலை செய்கிறது. 'ஸ்கிரிப்ட்' என்ற டேகை மட்டும் தேடி அழித்தால் போதாது. 'ஆன்' என்று தொடங்கும் பண்புகள், எஸ்விஜி-க்குள் எச்டிஎம்எல்-ஐ நுழைக்கும் ஃபாரின்ஆப்ஜெக்ட் டேக், லிங்கில் வரும் ஜாவாஸ்கிரிப்ட் என்று வழிகள் நிறைய. நீ அனுமதித்த டேகுகள் மட்டும் தங்கட்டும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தானாக எஸ்விஜி-யை ஏற்க விடாது. இரண்டு வரி நிரல் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது பூட்டைத் திறக்குமே தவிர எதையும் சலிக்காது.

ஏறிய கோப்புகளை வேறு டொமைனில் வை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் அப்படித்தான் செய்கிறது. எதை ஓடவிடலாம் என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி ஹெடரில் ஸ்கிரிப்டை அடியோடு தடுத்துவிடு. உனக்கு இன்னும் எளிய வழி, லோகோவை ஸ்கிரிப்ட் ஓடாத பிஎன்ஜி படமாக மாற்றித் திரையில் காட்டிவிட்டு, அசல் எஸ்விஜி-யை அச்சுக்கு மட்டும் டவுன்லோடாகக் கொடுப்பது. அப்படி மாற்றும் மென்பொருளில் வெளி என்டிட்டிகளை (வேறு கோப்பின் உள்ளடக்கத்தை இழுத்துவரும் குறிப்புகள்) அணைக்க மறக்காதே. இல்லாவிட்டால் சர்வரில் இருக்கும் கோப்பையே படித்துவிடுவார்கள்.

அந்த நீல வட்டக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது பென் டிரைவில் கொண்டுவருகிறேன். நோட்பேடில் திறந்து சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்