லிஸ்பன்: திங்கட்கிழமையும் ரொட்டித் தட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்த ‘இரண்டு நாள் லிஸ்பன்’ பயணக் கட்டுரை படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் முதல் நாளே மாட்டிக்கொள்வார். திங்கட்கிழமை நகரின் மேற்குப் பகுதியான பெலேம் போகச் சொல்கிறது கட்டுரை. அங்கே பார்க்க வேண்டிய ஜெரோனிமோஸ் மடத்துக்குத் திங்கள் விடுமுறை. மலைக்கோட்டைப் பக்கத்தைத் திங்களன்று வைத்துக்கொண்டு பெலேமைச் செவ்வாய்க்குத் தள்ளுவதே சரி. செவ்வாயன்று கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். மடத்தின் உள்முற்றத்துக்குத்தான் டிக்கெட். தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை, வரிசையும் வேறு. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை தேவாலயத்துக்குள், வாசலை ஒட்டியே இருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் உள்முற்ற வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிழை பெரிது. மேட்டுக்கு ஏற குளோரியா இழுவை வண்டியைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று கம்பி அறுந்து அந்த வண்டி கவிழ்ந்ததில் 16 பேர் இறந்தார்கள். அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. மேடு ஏறக் காசில்லாத வழிகளே இருக்கின்றன. பாய்ஷா - ஷியாடோ மெட்ரோ நிலையத்தின் கீழ் வாசலில் நுழைந்து, நகரும் படிகளில் ஏறி, மேல் வாசலில் வெளியே வந்தால் ஷியாடோ மேடு. கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் நகராட்சி மின்தூக்கி உண்டு; அதில் ஏறி, சில எட்டு நடந்து, சந்தைக் கட்டடத்தில் இருக்கும் இரண்டாவது மின்தூக்கியைப் பிடித்தால் பாதி மலை முடிந்துவிடும். இந்த ஊரில் ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால். இதை மாற்றிச் செய்தால் மத்தியானத்துக்குள் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

28-ஆம் எண் டிராமைப் பற்றி. எல்லோரும் ஏறுவது மார்ட்டிம் மொனீஸ் முனையில். உட்கார இருபது இருக்கைதான், வெயில் காலத்தில் வரிசையில் ஒரு மணி நேரம்கூடப் போகும். எதிர்முனையான காம்போ டி ஓரீக்கில் காலையிலேயே ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். நின்றுகொண்டு போவதில் பயன் இல்லை: ஜன்னல் தாழ்வு, வெளியே எதுவும் தெரியாது, பிக்பாக்கெட்டுக்கு மட்டும் வசதி. டிக்கெட்டை வண்டியில் வாங்கினால் விலை அதிகம். மெட்ரோ இயந்திரத்தில் அரை யூரோவுக்கு நவெகான்ட்டே என்கிற பயண அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். பெலேமுக்கு 15-ஆம் எண் டிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ஸ் டு சோட்ரேயிலிருந்து புறநகர் ரயில் அதைவிடச் சீக்கிரம், கூட்டமும் குறைவு. எல்லா ரயிலும் பெலேமில் நிற்காது என்பதைப் பலகையில் பார்த்து ஏற வேண்டும்.

அங்கே 1837 முதல் நடக்கும் கடையின் பண்டத்தை ‘முட்டை டார்ட்’ என்று ஒரே வரியில் முடித்தது அநியாயம். அந்தப் பண்டத்தின் வகைக்குப் பெயர் பாஸ்டல் டி நாட்டா; அதன் சூட்சுமம் வெளியே உள்ள மாவு ஓட்டில் இருக்கிறது. மைதா மாவைக் கொழுப்பு வைத்து மடித்து மடித்துத் தேய்த்து, பாய் மாதிரி இறுகச் சுருட்டி, அந்த உருளையைத் துண்டு போடுகிறார்கள். வெட்டிய முகம் மேலே பார்க்க அச்சில் வைத்து, தண்ணீரில் நனைத்த கட்டைவிரலால் நடுவில் அழுத்தி ஓரத்துக்கு ஏற்றுவது. நாட்டாவைத் திருப்பி அடியைப் பார்த்தால் அந்தச் சுருள் தெரியும். உள்ளே பால், சர்க்கரைப் பாகு, முட்டை மஞ்சள் கரு. அடுப்பு 250 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் ஓடு மொறுமொறுப்பாவதற்குள் உள்ளே பால் திரிந்துவிடும். மேலே உள்ள கருப்புப் புள்ளி தீய்ந்ததல்ல, பதம். சுடச்சுட, லவங்கப்பட்டைத் தூள் தூவித் தின்ன வேண்டும். பெட்டியில் கட்டி மறுநாளைக்கு வைத்தால் ஈரம் இறங்கித் தொய்ந்துவிடும். தெருவில் நீளும் வரிசை பெரும்பாலும் பொட்டலம் வாங்குகிறவர்களுடையது. உள்ளே பெரிய பெரிய கூடங்கள் இருக்கின்றன, நேரே போய் உட்காரலாம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்ததுமே கேட்காமல் ரொட்டி, ஒலிவக்காய், வெண்ணெய், பாலாடைக்கட்டி வரும். நம் ஊர் அப்பளம்போல இலவசம் என்று கைவைத்தால் பில்லில் ஒவ்வொன்றாக ஏறும். கேட்காததற்குக் காசு வாங்கக்கூடாது என்று போர்த்துகலில் சட்டமே இருக்கிறது. தொட்டுவிட்டால் அது துணைக்கு வராது. வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘மெய்யா டோஸ்’ என்றால் அரைப் பங்கு. பல கடைகளில் அதுவே ஒருவருக்குத் தாராளம்.

பக்கல்யாவ் என்பது காட் மீன் கருவாடு. ஒரு நாளுக்குக் குறையாமல் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிய பிறகே சமைப்பார்கள். ஆகவே கட்டுரை சொல்வதுபோல ‘அன்று பிடித்த மீன்’ அல்ல. நார்வே, ஐஸ்லாந்து கடல்களிலிருந்து வருவது. அன்று பிடித்தது வேண்டுமென்றால் மத்தி. அதற்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ருசி.

சைவர்களுக்குக் ‘கால்டோ வெர்டே’ கீரை சூப்பைச் சிபாரிசு செய்தது ஆபத்து. உருளைக்கிழங்கும் கீரையும்தான், ஆனால் மேலே ஷோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி ஒரு வில்லை மிதக்கும். ‘செங் ஷோரிசோ’ என்று சொன்னால் வில்லையைப் போடமாட்டார்கள். அதே பானையில் இறைச்சி வெந்ததா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். மார்ட்டிம் மொனீஸ் பகுதியில் இந்திய, நேபாள, வங்கதேசக் கடைகள் இருக்கின்றன, பட்டினி வராது. மேசை, சாவி, ஜன்னல், அன்னாசி எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். மெனுவில் ‘அனனாஸ்’ என்று இருப்பதை விளக்க யாரும் வேண்டாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பவர் வழவழ அடிச் செருப்போடு நிற்கிறார். அந்த நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல். பல வருடக் கால் பட்டுத் தேய்ந்தது. ஒரு தூறல் போட்டால் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். அடுத்த முறை ரப்பர் அடி ஷூ போட்டவர் படம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்