மொய் நோட்டில் ஒரு கட்டம்

ஆலங்குடி
ஆவணி முதல் வாரம்

அன்புள்ள ராஜி,

நலம். நீயும் அண்ணனும் பேத்தியும் நலம்தானே? மூன்று மாதமாக நீ அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் கட்டைவிரல் படத்தை மட்டும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம், "கோபமா, வேலையா, ஒன்றைச் சொல்" என்று கேட்டிருந்தாய். கோபம் இல்லை. ஒரு விஷயம் நடந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கலாவின் பையனுக்குத் தை மாதம் கல்யாணம், பெண் மன்னார்குடி. நீ வராவிட்டால் அவள் உன்னோடு பேசமாட்டாளாம். உளுந்தவடை டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. "ராஜி இன்னும் 'வாளப்பளம்'தான் சாப்பிடுகிறாளா?" என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அவ்வளவுதான்.

போன வருஷம், நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நம் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட மெல்லிசைக் கச்சேரி வைத்தோமே, நீகூட வீடியோ பார்த்துவிட்டு, "மேடையெல்லாம் பிரமாதம், பத்மா" என்று எழுதினாய். மேடை பிரமாதம்தான். வசூல் 4,10,000 ரூபாய். மண்டபம், பாட்டுக் குழு, லைட்டு, மைக்கு, பிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று 2,65,000 போய்விட்டது. நடத்திக் கொடுத்தவர்கள் சொன்ன கணக்கு ஒன்று, கடைசியில் நீட்டிய பில் வேறு. அந்தச் சண்டை தனிக்கதை, இப்போது வேண்டாம். என் மனதில் தைத்தது வேறு. பொன்னாடை போர்த்த மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களின் வீட்டுக்குத் தினமும் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுகிற நம் இரண்டு நர்ஸ்களும் அன்றைக்கு வாசலில் நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கும் அவர்கள் யாரென்று தெரியாது.

இந்தச் சித்திரையில் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கிய 212 பேருக்கும் போன் செய்தேன். 9 பேர் பணம் கொடுத்தார்கள். "எந்த அறக்கட்டளை? ஓ, அந்தப் பாட்டுக் கச்சேரியா?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் பாட்டை விற்றோம், அவர்கள் பாட்டை வாங்கினார்கள்.

சரி, புதியவர்களைத் தேடுவதற்கு முன்னால் பழையவர்கள் யார் யார் நின்றுபோனார்கள் என்று பார்ப்போம் என, பீரோவைத் திறந்து பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. யார் தெரியுமா? நம் 'போலாம் ரைட்' மாமா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாரே, அவரேதான். மாமிக்குக் கடைசி ஐந்து மாதம் நம் நர்ஸ்கள்தான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அது முடிந்த மாதத்திலிருந்து ஆறு வருஷமாக, ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஆபீஸ் படியேறி வந்து 200 ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். போன கார்த்திகையோடு அது நின்றிருக்கிறது. ஆறு மாதமாகியும் எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. பெரிய தொகை நின்றிருந்தால் மறுவாரமே தேடியிருப்போம் என்பது எனக்குத் தெரியும், ராஜி. அதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். மாமா கட்டிலில் கிடந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க வேலை செய்யவில்லை. இடுப்பில் படுக்கைப்புண் உள்ளங்கை அகலத்துக்கு. நம் நர்ஸ்கள் அதே தெரு வழியாகத்தான் வாரம் மூன்று நாள் போகிறார்கள். "ஏன் மாமா எங்களுக்குச் சொல்லவில்லை?" என்றேன். வாய் குழறியது, இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. "கொடுக்கிற கை நின்னு போச்சே, எப்படிம்மா கேக்கிறது?"

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆறு வருஷத்தில் அவருக்கு நாம் கொடுத்தது எழுபதுக்கு மேற்பட்ட ரசீதுகள். ஒவ்வொன்றிலும் 'நன்றி' என்று அச்சடித்திருக்கும். "வாங்க மாமா, ரெண்டு நிமிஷம் உட்காருங்க, உங்க காசில் இந்த மாதம் இது செய்தோம்" என்று ஒருநாள்கூட யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

விடியற்காலையில்தான் எனக்கு மொய் விருந்து ஞாபகம் வந்தது. ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் நடக்குமே, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவது. நம் சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போவார். நாம் பார்த்ததெல்லாம் கறியைத்தான். இப்போது நோட்டை நினைத்துப் பார்த்தேன். ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக எழுதி, வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஐந்து வருஷம் கழித்துக் கொடுத்தவர் வீட்டு முறை வந்தாலும், "உனக்கு அவர் 500 செய்திருக்கிறார்" என்று நோட்டு சொல்லிவிடும். 2018-இல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகும், திருப்பிச் செய்ய வழியில்லாமல் திணறினார்களே தவிர, யாரும் நோட்டைத் தூக்கி எறியவில்லை. கொடுத்தவனை மறக்காமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு நம் பக்கத்தில் உண்டா? அதை விட்டுவிட்டு நாங்கள் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தோம்.

கமிட்டியில் சொன்னதும் தலைவர் டாக்டர் மறுத்தார். மறுப்பும் நியாயமானதுதான். "மொய் என்பது கடன். திருப்பிச் செய்ய முடியாத மொய்யை வாங்கலாமா?" இரண்டு கூட்டம் இதிலேயே போனது. வயநாட்டில் 2024 ஜூலையில் நிலச்சரிவு வந்தபோது, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் மொய் விருந்து போட்டுத்தான் நிதி அனுப்பினார் என்றேன். "அது ஒருநாள் உதவி. நாம் தினமும் ஓட வேண்டியவர்கள்" என்றார்.

அப்போது நான் கௌமுதியைப் பற்றிச் சொன்னேன். 1934-இல் காந்தி ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராகப் போனார் இல்லையா? வாசித்துக் கொடுத்த வரவேற்புப் பத்திரத்தை அங்கேயே ஏலம் விடுவார், கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்குவார். அவரும் வசூல் கூட்டம்தான் நடத்தினார். கேரளத்து வடகரையில் கௌமுதி என்ற பெண் வளையல், சங்கிலி, கம்மல் என ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடவில்லை. பெற்றோர் சம்மதம் உண்டா என்று விசாரித்தார். திரும்ப நகை செய்யச் சொல்லிக் கேட்கமாட்டாயே என்று அவளிடமே கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், தன் பத்திரிகையில் அவளைப் பற்றித் தனியாக எழுதினார். அவள் கடைசிவரை நகை போடவே இல்லை. இந்தி டீச்சராக வாழ்ந்து 2009-இல்தான் காலமானார். காந்தி திருப்பிக் கொடுத்தது பணமில்லையே, டாக்டர்! நாமும் சேதியாகவும் போய்ப் பார்ப்பதாகவும் திருப்பிச் செய்வோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இந்த மொய் பணமாகத் திரும்பாது என்று அழைப்புப் பத்திரிகையில் அச்சடியுங்கள்" என்றார். அப்படியே அச்சடித்தோம்.

ஆடி கடைசி ஞாயிறு விருந்து. அரிசியை ஒரு மில்காரர் கொடுத்தார். கறிச் செலவை மூன்று குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. மண்டபத்துக்குக் கரண்டு காசு மட்டும். எங்கள் கையிலிருந்து போனது 22,000. மேடை இல்லை, மைக் இல்லை. நோயாளி ஒருவரை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு மட்டும் நான் குரலை உயர்த்திவிட்டேன். புண்ணோடு கிடக்கிறவர் காட்சிப் பொருளா? யாரையும் கூட்டி வரவில்லை. படமும் மாட்டவில்லை.

மொய் மேசையில் நர்ஸ்கள் இருவரையும் உட்கார வைத்தோம். நோட்டில் ஊர், பெயர், தொகை, போன் நம்பரோடு இன்னொரு கட்டமும் போட்டிருந்தேன்: 'யாரை நினைத்து'. ராஜி, அந்தக் கட்டம்தான் அன்றைக்கு எல்லாமே. 51 ரூபாய் எழுத வந்தவர் அந்த மேசையில் பத்து நிமிஷம் நின்றார். "எங்க அம்மாவுக்கு நீங்கதானே தலை சீவி விட்டீங்க?" என்று ஒருத்தி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மொத்தம் 431 வரி, 3,86,450 ரூபாய். போன வருஷம் செலவு போக மிஞ்சியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நான் சந்தோஷப்பட்டது பணத்துக்காக மட்டுமில்லை. 118 கட்டங்களில் நாம் பார்த்துக்கொண்ட ஆட்களின் பெயர் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஊரிலேயே இருந்தவர்கள், நாம் கேட்காததால் நமக்குத் தெரியாமலே போனவர்கள்.

ஆடிட்டருக்கும் இந்த நோட்டு பிடித்துவிட்டது. உண்டியலில் பெயரில்லாமல் விழும் காசு ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும், பெயரும் ஊரும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்றார். முன்பெல்லாம் மார்ச் மாதம் வந்தால் வரிக் கழிவு தரும் 80ஜி நன்கொடைச் சான்றிதழுக்காகவே சில சம்பளக்காரர்கள் தேடி வருவார்கள். புதிய வரி முறையில் அந்தக் கழிவு இல்லை என்பதால் அவர்கள் வருவதும் குறைந்துவிட்டது. இனி மனதில் ஒட்டுகிறவர்கள்தான் நிற்பார்கள்.

உன்னிடம் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னால் ஜனவரியில் மும்பை மாரத்தானில் 'டிரீம் ரன்' ஓடினாயே! ஓடினாயா, வழியெல்லாம் போட்டோ எடுத்தாயா என்பதைக் கலா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போது நீ சொன்ன அமைப்புக்கு 1000 ரூபாய் அனுப்பினேன். ரசீது வந்தது. அதன் பிறகு இன்றுவரை ஒரு வரி இல்லை. நான் உனக்காகக் கொடுத்தேன், அவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. அந்த மாரத்தான் 2004-லிருந்து நடக்கிறது, எத்தனை ஆயிரம் பேர் தங்கள் சொந்தபந்தங்களிடம் இப்படிக் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள்! அந்தச் சொந்தபந்தங்களை அப்புறம் யார் பார்க்கிறார்கள்? அந்த அமைப்பில் உனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பார். குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் செய்யும் வேலை நல்ல வேலை. அதனால்தான் வருத்தமாக இருக்கிறது.

இப்போது தினமும் ராத்திரி பத்து அஞ்சல் அட்டை எழுதுகிறேன். 50 காசு அட்டைதான். 'உங்கள் அம்மாவை நினைத்து நீங்கள் செய்த மொய்யில் கீழத்தெருவில் ஒரு பாட்டிக்கு நீர்ப்படுக்கை வாங்கினோம்' என்கிற மாதிரி மூன்று நான்கு வரி. பாட்டியின் பெயர் போடுவதில்லை. கட்டத்தில் இருப்பவரின் திதி தெரிந்தால் அந்த மாதம் இன்னோர் அட்டை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து, யார் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வசூல் கேட்க இல்லை, அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க. இதை ஆறு மாதம் விடாமல் செய்வோமா என்ற பயம் எனக்கு உண்டு. விருந்து ஒருநாள் கூத்து, ஊரே சேர்ந்து செய்துவிடும். அட்டைக்கு ஆள் கிடையாது. இப்போதே என் மணிக்கட்டு வலிக்கிறது. தீபாவளிக்கு நீ வருகிறாய் இல்லையா, நாலு நாள் என்னோடு உட்கார்ந்து எழுது. உன் கையெழுத்துதான் அழகு, டீச்சரே சொல்லியிருக்கிறார்.

மாமாவுக்குப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறாள். இடது கையால் டம்ளர் பிடிக்கிறார். விருந்தன்று பேரனிடம் 51 ரூபாய் கொடுத்தனுப்பியிருந்தார். கட்டத்தில் மாமியின் பெயர். பையன் அவர் சொன்னபடி ரசீதை நாலாக மடித்து வாங்கிக்கொண்டு போனான்.

கடைசியாக ஒன்று. அன்று காலையில் நீ ஜிபேயில் அனுப்பிய 5000 ரூபாயை 17-ஆவது வரியில் எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. யாரென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் நானாக எழுதமாட்டேன். நீயே பெயரும் நாளும் எழுதி அனுப்பு.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். பேத்திக்கு முத்தம்.

உன்
பத்மா