பாக்டீரியாவுக்கும் ஒரு அளவு வேணும்: பால் ஒன்றிய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியங்கள்ல தரக்கட்டுப்பாடு பாக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நாலு மாடு வச்சு சங்கத்துக்குப் பால் ஊத்துற குடும்பத்துல இருந்து எழுதறேன். சுத்தமா கறக்குறவங்களுக்கு லிட்டருக்கு கொஞ்சம் கூட குடுங்க, அதுக்கு எலக்ட்ரானிக் மூக்கு, அதாவது வாடைய சென்சார் வச்சு மோப்பம் பிடிக்கிற மெஷின் மூலமா, பாக்டீரியாவ சீக்கிரமா அளக்க வழி பண்ணுங்க. இதான் கோரிக்கை.

எங்க பக்கம் விலை போடறது கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்குற மத்த திடப்பொருள்) ரெண்டையும் பாத்துதான். மடியக் கழுவி, முதல் பீச்ச தனியா விட்டு, கேன சுடுதண்ணில அலசி வெயில்ல கவுத்து வைக்கிறவங்களுக்கும், சாணிக் கையோட கறக்குறவங்களுக்கும் ஒரே ரேட்டு, ரெண்டு பாலும் போய் விழறது ஒரே டேங்க்ல. 4 டிகிரில வச்சாலும் சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியா மெதுவா வளந்துகிட்டேதான் இருக்கும், பின்னாடி பாஸ்டரைஸ் பண்ணி அத கொன்னாலும் அது விட்டுட்டுப் போற, பாலக் கெடுக்குற என்சைம் சூட்டுக்கு அசராது, இது எங்கள விட உங்களுக்கே நல்லா தெரியும்.

இப்ப இருக்குற சோதனை என்ன? மூடியத் திறந்து மோந்து பாக்கறது. மில்லிக்கு பத்து லட்சம், கோடின்னு பாக்டீரியா ஏறின பிறகுதான் மனுஷ மூக்குக்கே வாடை தெரியும். அப்படி வாடைன்னு கேன் திரும்பி வந்தா எதிர்த்துக் கேக்க எங்க கைல ஒரு சீட்டு கூட இல்ல. எம்பிஆர்டின்னு நீலச் சாயம் விட்டு எவ்வளவு சீக்கிரம் வெளுக்குதுன்னு பாக்குறது நல்ல சோதனைதான், 10 மில்லி பால்ல 1 மில்லி மெத்திலீன் புளூ விட்டு 37 டிகிரி தண்ணில வச்சா அரைமணில நீலம் வெளுத்தா மோசம், 5 மணி நேரம் நின்னா அருமையான பால். ஆனா அந்த 5 மணி நேரத்துக்குள்ள லாரி டெய்ரிக்கே போயிடுதே! லேப்ல பாக்டீரியாவ தட்டுல வளத்து எண்ணறதுன்னா ரெண்டு மூணு நாள்.

அதனாலதான் எலக்ட்ரானிக் மூக்க கேக்கறேன். இது புதுசு இல்ல, 1982லயே இங்கிலாந்து வார்விக் பல்கலைக்கழகத்துல பெர்சாட், டாட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க செஞ்சு காட்டிட்டாங்க, நம்ம நாட்டுல கொல்கத்தால இருக்குற சி-டாக்ங்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் தேயிலைக்கே ஒண்ணு பண்ணிருக்கு. சின்ன பாட்டில்ல பால மூடி லேசா சூடு பண்ணினா பாக்டீரியா விடற வாயு மேல சேரும், அத டின் ஆக்சைடு மாதிரி பல சென்சார் மேல விட்டா ஒவ்வொண்ணோட மின்தடையும் ஒவ்வொரு மாதிரி மாறும், அந்த மொத்த பேட்டர்ன கம்ப்யூட்டர் படிக்கும். ஒண்ண மட்டும் மறந்துடாதீங்க, இது பாக்டீரியாவ எண்ணாது, அதோட வாயுவத்தான் பாக்குது. எண்ணிக்கை வேணும்னா அதே பாலுக்கு தட்டுல எண்ணின கணக்கையும் குடுத்து மெஷினப் பழக்கணும், அதுவும் நம்மூர் பால வச்சு. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயத் தாள தின்ன மாட்டோட பால்ல வெங்காய வாடை வரும், பழக்காத மெஷின் அதையும் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். மழைக்கால ஈரத்துலயும் சென்சார் அளவு நகரும்.

அதனால ஒரு பிஎம்சில (ஊர்ப் பால சேத்து குளிர வைக்கிற நிலையம்) மட்டும் வச்சு மே மாச வெயில், ஐப்பசி மழை ரெண்டயும் தாண்டி ஒரு வருஷம் எம்பிஆர்டியோட சேத்து ஓட்டிப் பாருங்க. அதுவரைக்கும் மெஷின் சொன்னத மட்டும் வச்சு யார் பாலையும் திருப்பாதீங்க. ரிசல்ட்ட கொழுப்பு போடற அதே சீட்டுலயே போட்டுக் குடுங்க, அபராதத்துல ஆரம்பிக்காம ஊக்கத்தொகைல ஆரம்பிங்க. சாம்பிளுக்கு எங்க பாலயே எடுத்துக்கங்க, என்ன தீவனம் போட்டோம், எத்தன மணிக்கு கறந்தோம்னு தினமும் எழுதித் தர்றோம்.