சிங்கப்பூர் துவாஸிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கோபிக்காதே. போனில் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை. நான் கத்தினால் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக்கில் அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். சோறு கட்ட வாழையிலையை அனலில் வாட்டுவாயே, விறைப்பாக இருந்தது துவண்டு வருமே, அதேதான். தகட்டை நாலு பக்கமும் சட்டத்தில் கவ்வி 150 டிகிரிக்கு மேல் சூடேற்றுவோம். நடுவில் தொப்பை போலத் தொங்கும். கீழிருந்து அச்சு ஏறும். அதில் ஊசிக்கண் போல ஓட்டைகள். அந்த வழியாகப் பம்பு காற்றை உறிஞ்சியதும் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் கழற்றி, ஓரம் வெட்டினால் மிஷின் மூடி தயார். கொழுக்கட்டைச் சொப்பு ஆழமானால் அடி மெலியுமே, இதிலும் மூலைகள் மெலியும். கிழிந்தால் அரவைக்குத்தான்.

இங்கே வருஷம் முழுக்க ஈரக்காற்று. தகடு அதைக் குடித்துவிடும். அப்படியே சூடேற்றினால் கொப்புளம். அதனால் முதலில் 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துவோம். வடாம் போடுகிற உனக்குச் சொல்ல வேண்டுமா!

என்னோடு நிற்கும் சீன அங்கிள் டைமரை நம்பமாட்டார். தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்து, "தம்பி, ஓகே லா!" என்பார். மத்தியானம் தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை என் சோற்றில் வைத்துவிடுவார். எதற்கு என்று கேட்டால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். எனக்குச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஓவர்டைம்தான் கொஞ்சம் குறைவு. கையில் பட்ட சூடும் ஆறிவிட்டது.

பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, கடையில் ஒரே ஒரு கொழுக்கட்டை வாங்கினேன். ஏலக்காய் வாசம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதியைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு ரயிலில் துவாஸ் லிங்க் வரை வந்தேன். நீ ஆறரைக்கு விளக்கேற்றும்போது இங்கே மணி ஒன்பது. தினமும் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

சரி, வீட்டு விஷயம். அடகு நகைக்கு இந்த முறை வட்டி மட்டும் கட்டச் சொல்; தையில் மீட்டுவிடலாம். மாமா ஜாதகத்தைக் கேட்டால் கொடு, ஆனால் வாக்குக் கொடுக்காதே. அப்பா கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக வேண்டாம், தங்கச்சி கூடப் போகட்டும். சிவப்பு மாட்டை விற்காதீர்கள். இரண்டாம் தேதிக்குள் பணம் வரும்.

உன் மகன்,
முருகேசன்