நாப்லஸ் என்ற ஊரையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் துபாய் சாக்லெட் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எந்தக் கடையில் என்ன விலை, எங்கே வரிசை நீளம், வீட்டிலேயே செய்வது எப்படி, எல்லாம் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, என் பேத்தி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியே வைத்துவிட்டாள். ஆனால் அந்த சாக்லெட்டுக்குள் மொறுமொறுவென்று இருக்கிறதே குனாஃபா, அதை மட்டும் "மத்தியக் கிழக்கின் இனிப்பு" என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மத்தியக் கிழக்கு என்ன ஒரு தெருவா? அதே நாள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் மூலையில் நாப்லஸ் நகரில் ராணுவச் சோதனை என்று நான்கே வரியில் ஒரு செய்தி. குனாஃபா என்றதும் அரபுக்காரர்கள் வாயில் முதலில் வரும் ஊர் அந்த நாப்லஸ்தான் என்பதை இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

போர்ச் செய்தியைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வரத்தான் வேண்டும், இன்னும் கூடுதலாகக்கூட வரலாம். என் மனக்குறை வேறு. பாலஸ்தீன ஊர் ஒன்றின் பெயர் நம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தால் பின்னாலேயே ஓர் எண்ணிக்கை வருகிறது, இத்தனை பேர் காயம், இத்தனை பேர் கைது என்று. அந்த ஊரில் மனிதர்கள் என்ன தொழில் செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் பாட்டு எழுதினார்கள் என்று ஒரு நாளும் வருவதில்லை. படித்துப் படித்து, அங்கே ஊர் என்று எதுவுமே இல்லை, இடிபாடு மட்டும்தான் என்ற எண்ணம் நமக்கே வந்துவிடுகிறது.

சரி, நாப்லஸ் எங்கே இருக்கிறது? மேற்குக் கரையின் வடபகுதியில், இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் நீளவாக்கில் கிடக்கிறது. வடக்கே ஏபால் மலை 940 மீட்டர், தெற்கே கெரிசீம் மலை 881 மீட்டர். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலை 164 மீட்டர்தான், அதை ஏறி முடித்து மூச்சு வாங்கியவர்களுக்கு இதன் உயரம் புரியும். பைபிள் படிக்கும் நம் கிறிஸ்தவ நண்பர்களுக்கு இந்த மலைகள் புதிதல்ல, ஒரு மலையில் ஆசீர்வாதமும் மற்றதில் சாபமும் கூறும்படி உபாகமத்தில் வருகிறது. ஊரின் கிழக்கு ஓரத்தில் பைபிளில் வரும் பழைய சீகேம் நகரின் இடிபாடு, பக்கத்திலேயே யாக்கோபின் கிணறு, அதையும் ஒட்டியே 1950இல் உருவான பலாட்டா அகதிகள் முகாம். மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை அங்கே அரை மணி நேர நடையில் பார்த்துவிடலாம். சீகேமிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி கி.பி. 72இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் கட்டிய புது ஊர்தான் இன்றைய நாப்லஸ். அப்புறம் பைசாந்தியர், அரபு ஆட்சி, சிலுவைப் போர்க்காரர்கள், மம்லூக்குகள், ஒட்டோமான்கள், பிரிட்டிஷ்காரர்கள், ஜோர்டான், 1967இலிருந்து இஸ்ரேலிய ஆக்கிரமிப்பு. வரிசையாகச் சொன்னால் பள்ளிக்கூடப் பாடம்போல ஆகிவிடும் என்பதால் இதோடு விடுகிறேன்.

எனக்கு அந்த ஊரில் பிடித்தது சவர்க்காரம். சிரிக்காதீர்கள். என் அப்பா அரப் ஸ்திரீட்டில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர், நல்ல பட்டுத் துணியை எந்தச் சோப்பில் நனைக்கலாம், எதில் கூடாது என்று வீட்டில் பெரிய பிரசங்கமே நடக்கும். அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ நாப்லஸ் சோப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருக்கிறேன். அதில் சேருவது மூன்றே பொருள்: ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் (அதாவது ஆல்கலி). அந்தக் காலத்தில் காரத்துக்கு யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள வறண்ட நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலை பெதுயின் நாடோடிகள் ஒட்டகத்தில் கொண்டுவந்து விற்றார்கள். அதோடு சுண்ணாம்பு கலப்பார்கள், இப்போது காஸ்டிக் சோடா. தரைத்தளத்தில் பெரிய செம்புக் கொப்பரை, அடியில் நெருப்பு. விறகுக்குப் பதில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் ஆலிவ் கொட்டைச் சக்கையையே எரித்திருக்கிறார்கள், எதுவும் வீணில்லை. நாள்கணக்கில் கிண்டிக் காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டும், அந்தப் பதம் தெரிந்த மூத்த ஆள்தான் அங்கே ராஜா.

பதம் வந்ததும் கொதிக்கிற குழம்பைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றுவார்கள். மாடி முழுவதும் ஒரே பெரிய கூடம், அதன் தரையில் அப்படியே ஊற்றிப் பரப்பி ஆறவிடுவார்கள். இறுகியதும் சாயம் தோய்த்த நூலை இழுத்துக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே கட்டி கட்டியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் முத்திரையைச் சுத்தியலால் தட்டுவார்கள், கண் இமைக்கும் வேகத்தில். துக்கான் குடும்பத்துக்கு இரண்டு சாவி, ஷக்கா குடும்பத்துக்கு ஒட்டகம். எல்லாம் முடிந்த பிறகு கட்டிகளை வட்டம் வட்டமாக இடைவெளி விட்டு அடுக்கிக்கொண்டே போய், ஆளை விட உயரமாக, உள்ளே வெறுமையான கூம்புக் கோபுரங்களாக நிறுத்துவார்கள், காற்று புகுந்து காய்வதற்காக. மாதக்கணக்கில் காயும். கடைசியில் கைக்கு வருவது வெள்ளையாக, ஏறக்குறைய வாசனையே இல்லாத ஒரு கட்டி. நம் வீட்டுப் பிள்ளைகள் மோந்து பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு என்பார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சிறிய ஊரில் முப்பதுக்கும் மேற்பட்ட சவர்க்காரக் கூடங்கள் இருந்தன, எகிப்துவரை சரக்கு போனது, ஊரின் பெரிய குடும்பங்கள் செல்வாக்குப் பெற்றதே இதில்தான். 1927 ஜூலையில் வந்த நிலநடுக்கத்தில் ஊர் பலமாக அடிவாங்கியது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலிய ராணுவம் பழைய நகருக்குள் புகுந்தபோது நூற்றாண்டு கண்ட சில கூடங்கள் தரைமட்டமாயின. இன்று ஓடுவது கைவிரலில் எண்ணிவிடும் அளவுதான்.

இதில் நம் பத்திரிகைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2024 டிசம்பரில் பராகுவே நாட்டில் கூடிய யுனெஸ்கோ குழு, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து முன்மொழிந்த கெபாயா என்ற பெண்களின் பாரம்பரிய மேலாடையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் எல்லாரும் கொண்டாடினோம், நியாயம்தான், உணவங்காடிக் கலாசாரத்துக்கு அடுத்து நமக்குக் கிடைத்த இரண்டாவது இடம் அது. அதே கூட்டத்தில்தான் நாப்லஸ் சவர்க்காரம் செய்யும் மரபும் பட்டியலில் ஏறியது. கெபாயாவுக்கு எவ்வளவோ இடம் கொடுத்தோம், சவர்க்காரத்துக்கு ஒரு பெட்டிச் செய்தியாவது கொடுத்திருக்கலாம். ஒரு பக்கம் காஸா எரிந்துகொண்டிருந்த அந்த மாதத்தில், பாலஸ்தீனத்துக்கு நல்லதாக ஒரு செய்தி வந்தது அது.

அந்த ஊரின் இன்னொரு ஆச்சரியம் சமாரியர்கள். "நல்ல சமாரியன்" என்று பைபிள் உவமையில் கேட்டிருக்கிறோம், அந்தச் சமூகம் இன்னும் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மொத்தமே ஏறக்குறைய எண்ணூறு, தொள்ளாயிரம் பேர். பாதிப் பேர் டெல் அவீவுக்குப் பக்கத்தில் ஹோலோனில், மீதிப் பேர் நாப்லஸுக்கு மேலே கெரிசீம் மலையில். மோசேயின் ஐந்து நூல்கள் மட்டுமே அவர்களுக்கு வேதம், புனித மலை ஜெரூசலம் இல்லை, கெரிசீம்தான். வழிபாட்டுக்குப் பழைய எபிரேயத்தை அதன் தொன்மையான எழுத்தில் வைத்திருக்கிறார்கள், மலையில் இருப்பவர்கள் கடைவீதியில் பேசுவது அரபு. பஸ்கா பண்டிகை நாளில் மலை உச்சியில் குடும்பம் குடும்பமாக வெள்ளை உடையில் கூடி ஆடு பலி கொடுத்து, குழிக்குள் சுட்டு, இரவில் உண்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் சுமார் 150 பேர் என்ற அளவுக்குச் சுருங்கி, இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் எழுதிவிட்ட சமூகம் இது. 1980களின் இறுதிவரை அவர்களில் பலர் ஊருக்குள்ளேயே முஸ்லிம் அண்டைவீட்டாரோடு வாழ்ந்தார்கள், இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீனர் எழுச்சியான முதல் இன்டிஃபாடா தொடங்கியபோதுதான் மலைக்குக் குடியேறினார்கள். இப்போது கையில் பாலஸ்தீன அடையாள அட்டையும் இருக்கிறது, இஸ்ரேலிய அட்டையும் இருக்கிறது. யூதர் ஒரு பக்கம், முஸ்லிம் ஒரு பக்கம் என்று இரண்டே கட்டமாகப் பிரித்துப் பேசும் நம் காப்பிக்கடை விவாதங்களில் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது? உங்கள் சாக்லெட் செய்முறையில் தாஹினி என்று எள் விழுது வருகிறதே, அதைக் கெரிசீம் மலையில் சமாரியர்களே அரைத்து விற்கிறார்கள் என்பது கூடுதல் தகவல்.

சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன், முடித்துவிடுகிறேன். குனாஃபாவுக்கு எகிப்து, சிரியா, துருக்கி எல்லாமே சொந்தம் கொண்டாடும், ஆனால் சீஸ் வைத்த குனாஃபாவுக்கு நாப்லஸ்தான் பெயர் பெற்றது. ஆடு அல்லது செம்மறிப் பாலில் செய்து, மஸ்தகிப் பிசினும் மஹலப் விதையும் போட்டுக் கொதிக்கவைத்து, உப்புநீரில் ஊறவைக்கும் வெள்ளைச் சீஸ் அந்த ஊரின் சொத்து. குனாஃபாவுக்கு எடுக்கும்போது தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். பெரிய வட்டத் தட்டில் நெய்யும் மாவும், மேலே சீஸ், அடியில் நெருப்பு, சிவந்ததும் மொத்தத் தட்டையும் கவிழ்த்து, மேலே பாகு ஊற்றிப் பிஸ்தா தூவிச் சூடாகவே வெட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் சேமியாவும் மொசரெல்லாவும் வைத்து ஒரு எளிய முறை கொடுத்திருந்தீர்கள், நம் வீட்டில் நோன்பு மாதத்தில் அதைத்தான் செய்கிறோம், அதில் தப்பில்லை. ஆனால் அது நாப்லஸ் பண்டத்துக்கு நாம் போட்ட மாற்று வேடம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருஞ்சீரகத்தை வறுத்து அரைத்துத் தார்போலக் கறுப்பாக ஒரு விழுது எடுத்து, அதில் ரவை சேர்த்து இனிப்பும் செய்கிறார்கள் அங்கே. தேக்கா சந்தையில் கருஞ்சீரகம் வாங்கும் நம் பெண்கள் யாராவது முயன்று பார்க்கலாம்.

பாட்டையும் சொல்லாமல் விட்டால் அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். மேலே இரண்டு சாவி முத்திரை என்றேனே, அந்தத் துக்கான் குலத்தில் பிறந்தவர்கள்தான் கவிஞர் இப்ராஹிம் துக்கானும் அவர் தங்கை ஃபத்வா துக்கானும். இப்ராஹிம் 1930களில் எழுதிய தாய்நாட்டுப் பாடலைப் பாலஸ்தீனர்கள் பல பத்தாண்டுகள் தங்கள் கீதமாகப் பாடினார்கள், 2004இலிருந்து அது ஈராக்கின் தேசிய கீதம். நம் தேசிய கீதத்தை இயற்றிய சுபிர் சைட் சுமத்ராவின் புக்கிட்டிங்கி மலையூரில் பிறந்தவர், அதனால் பிற ஊர்க்காரர் கொடுத்த கீதம் என்பது நமக்கு விளங்காத விஷயமில்லை. ஃபத்வாவின் கதை வேறு. 1917இல் பிறந்தவர், ஒரு பையன் அவருக்கு மல்லிகைப் பூ கொடுத்தான் என்பதற்காகச் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் அடைத்துவிட்டார்கள். அண்ணன் இப்ராஹிம்தான் வீட்டில் வைத்து யாப்பும் கவிதையும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் அரபு மொழியின் பெரும் கவிஞர்களில் ஒருவராகி 2003இல் நாப்லஸிலேயே காலமானார். இலக்கியப் பக்கத்தில் வாராவாரம் யாரையாவது அறிமுகம் செய்கிறீர்கள். அவருடைய நான்கு கவிதைகளை நம் ஊர்க் கவிஞர் ஒருவர் தமிழில் தந்தால் அரப் ஸ்திரீட் இருக்கும் கம்போங் கிளாமில் மட்டுமா படிப்பார்கள், அங் மோ கியோவிலும் படிப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, செய்தியில் அடிபடும் ஊர்களில் ஒன்றைப் பற்றி, அங்குள்ள தொழில், உணவு, மனிதர் என்று எழுதுங்கள். நாப்லஸில் தொடங்கினால் அடுத்தது ஹெப்ரான் இருக்கிறது, அதுவும் மலையூர், திராட்சைக்கும் ஊதுகண்ணாடிக்கும் பெயர்போனது. அங்குள்ள பட்டறைகளில் பழைய புட்டிகளை உருக்கித்தான் குவளையும் விளக்கும் ஊதுகிறார்கள். நம் சுல்தான் பள்ளிவாசல் குவிமாடத்தின் அடியிலும் ஏழை மக்கள் நன்கொடையாகத் தந்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. கட்டுரை எழுதப்போகும் நிருபர் தொடக்கத்துக்கு ஹெப்ரான்வரை போக வேண்டாம், பூகிஸ் எம்ஆர்டியில் இறங்கி அந்தப் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
பிடோக்