பாட்டியின் 'ஊர்' எங்கே? சிறுகதைத் தொகுப்பின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பிறந்த மண், தாயகம், அடையாளம் பற்றிய உங்கள் தொகுப்பில் என் சிறுகதைக்கும் இடம் கொடுத்ததற்கு நன்றி. மெய்ப்புப் படி சென்ற வாரம் வந்து சேர்ந்தது. தனிக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் கதையில் ஓடிய பேனா மற்றவர்கள் கதையிலும் ஓடியிருக்கும் என்று தோன்றியதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கதையின் கடைசிப் பக்கத்தில், கோத்தகிரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி, "என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ" என்கிறாள். மெய்ப்பில் அது, "என்னை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று மாறியிருக்கிறது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'எந்த ஊர் என்பது தெளிவாக இல்லை.'

எனக்கும் தெளிவாக இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கவே மாட்டேன்.

கதைப் பாட்டியில் பாதி என் பாட்டி. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். அங்கே 'ஊர்' என்றால் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. அவளுடைய தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் புறப்பட்டு வந்த இடம். அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அந்தப் பேச்சுத்தான். ஊரில் நமக்குக் காணி உண்டு, ஊரில் இப்போது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள்.

1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (பத்தாண்டு கழித்து அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பித்தளைப் பாத்திரம் பிரித்தபோது இதைவிடப் பெரிய வாக்குவாதம் நடந்தது.)

பாட்டி 1973-இல் அட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கினாள். மண்டபம் முகாமில் சில நாட்கள். பிறகு துறையூர்ப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். காணியும் இல்லை, காணியைப் பற்றிக் கேள்விப்பட்டவரும் இல்லை. தெரிந்த ஒரே வேலை கொழுந்து பறிப்பது, நீலகிரிக்கு ஏறினார்கள். மலையேறிய சில மாதங்களிலேயே 'ஊர்' கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம். ஊரில் இது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் காலம், ஊரில் தேத்தண்ணீர் இப்படியா இருக்கும் என்று நாள் முழுக்கப் புலம்பல். நான் கேட்டு வளர்ந்தது இந்த இரண்டாவது ஊரை.

சாகும்போது அவள் கேட்டது இரண்டில் எது? பேரன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். நீங்கள் ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டீர்கள்.

அடுத்தது, என்னைப் பற்றிய குறிப்பு. 'அகதி முகாமில் பிறந்த ஈழ எழுத்தாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கடல் தாண்டியதே இல்லை. 1983-க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அகதிகள். அவர்கள் பட்ட பாடு வேறு, அதை நான் இரவல் வாங்கக் கூடாது. பாட்டி இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவள். அரசாங்கக் காகிதங்களில் எங்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஒரு முறைகூடப் பார்த்திராத இடத்துக்குத் 'திரும்பினார்கள்' என்று எழுதிய அந்த அதிகாரி கதை எழுத வந்திருந்தால் நாமெல்லாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே தோட்டக்காட்டான், இங்கே சிலோன்காரன். இவை மற்றவர்கள் வைத்த பெயர்கள்.

'லயம்' என்பதைக் 'குடியிருப்பு' ஆக்கியதையும் ஏற்க மாட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை படுத்த இடம் அது. குடியிருப்பு என்றால் வாசகர் மாடிப்படியைத் தேடுவார். கதை தொடக்கத்தில் மூடுபனி பற்றி நான் எழுதியிருந்த பத்தியை வெட்டியது மட்டும் சரியான வேலை. நானே வெட்டியிருக்க வேண்டும்.

தமிழகம், ஈழம், புலம்பெயர் என்று மூன்று பகுதிகள் வைத்து என் கதையை இரண்டாவதில் சேர்த்திருக்கிறீர்கள். மலையகம், அதாவது இலங்கைத் தேயிலை மலைகளின் தமிழர் பகுதி என்று ஒன்று உங்கள் கணக்கிலேயே வரவில்லை. இப்போதைக்கு முதல் பகுதியில் போடுங்கள், ரேஷன் கார்டு அங்கேதான் இருக்கிறது.

மெய்ப்பைத் திருத்தித் தபாலில் சேர்த்துவிட்டேன். காற்புள்ளி, ஒற்று எதிலும் நீங்கள் சொல்வதே இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் 'ஊர்' திரும்பி வராவிட்டால் கதையை எடுத்துவிடுங்கள். சன்மானம் இன்னும் வரவில்லை என்பதால், அதைத் திருப்பி அனுப்பும் வேலையும் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்பின் எழுத்தாளர்களில் ஒருத்தி
கோத்தகிரி